எட்டுத் துணி

அது டேப்பெட் சத்தம் இல்லை. பயப்படாமல் உட்காருங்கள். பஸ்ஸில் தகரம் ஆடுகிறது, அவ்வளவுதான். பின்சீட்டுக்குக் கீழே ஒரு போல்ட் இல்லை. இந்தச் சத்தத்தால் யாரும் சாகமாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? நாற்பத்தாறு வருஷம் போடியில் கார் மெக்கானிக். மேஸ்திரி தவமணி என்றால் மலை ஏறுகிற டிரைவர் எவனும் பட்டறைக்கு வழி சொல்வான். போர்டுகூட வைத்ததில்லை.

தேனி வரைக்கும் போகிறேன். கோர்ட்டுக்கு. முகத்தை அப்படி வைக்காதீர்கள், கேஸ் என்மேல் இல்லை. வனராஜ் என்று ஒரு டாக்ஸி டிரைவர். மலையிலிருந்து இறங்கும்போது கார் கவிழ்ந்து, பின்னால் இருந்த டீச்சரம்மா செத்துப்போனார். அஜாக்கிரதையாக ஓட்டினான் என்று கேஸ். குற்றம் என்று ஆகிவிட்டால் உள்ளே போவான். லைசென்ஸும் போகும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. இஞ்சின் தானாக நின்றது, பிரேக் கல்லாகிவிட்டது என்று அன்றைக்கே சொன்னான், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான். நம்ப ஆள் இல்லை. அந்த இஞ்சினைப் பிரித்துக் கட்டியவன் நான். அதனால் நான் வந்து சொல்ல வேண்டும். அவன் பக்கத்துச் சாட்சி நான் ஒருவன்தான்.

கதை கேட்கிற ஆசையா? சரி, தேனி வர அரை மணி ஆகும். குறுக்கே மட்டும் பேசாதீர்கள். எனக்கு அது பிடிக்காது.

போன வருஷம் ஆடி. வனராஜின் காரில் ஹெட் கேஸ்கட், இஞ்சின் தலைக்கும் கீழே பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு, போய்விட்டது. மேட்டில் ஏறும்போது தண்ணீர் கொதித்துப் புகை விட்டிருக்கிறான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை காலையில் டீச்சரை மேலே கொண்டுபோய் விட வேண்டும், அதற்குள் தாருங்கள் என்றான். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பிரிசில்லா டீச்சர் அங்கே வேலை. திங்கள் ஏறுவார், வெள்ளி இறங்குவார். மூன்று வருஷமாக இவன் வண்டிதான். வேறு வண்டியில் ஏறமாட்டார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி வருமாம்.

ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினேன். சூட்டில் ஹெட் வளைந்திருக்கும், சீவி மட்டமாக்க வேண்டும். லேத் கோட்டைச்சாமி. எனக்கும் அவனுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். கை சுத்தமான வேலைக்காரன், வாய்தான் நீளம். நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவன் நாலாம் நாள் தந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள். அதுவரை என் பட்டறையில் அந்த இஞ்சின் தலை இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எதிர்வீட்டில் மாடி எடுத்துக் கட்டினார்கள். சிமெண்ட் மாவாகப் பறந்தது. அதற்கு நானா பொறுப்பு?

ஹெட்டை எடுத்துவிட்டால் கீழே பிளாக்கில் ஏகப்பட்ட ஓட்டை தெரியும். தண்ணீர் ஓட்டை, போல்ட் ஓட்டை, ஆயில் வடிந்து இறங்குகிற ஓட்டை. ஒட்டிக்கிடக்கிற பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழக்கூடாது. அதற்காகத் துணி அடைப்போம். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட். எல்லாப் பட்டறையிலும் அதுதான். ஆனால் என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எண்ணிப் போட வேண்டும், எண்ணி எடுக்க வேண்டும். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. அன்றைக்கு எட்டுத் துணி போட்டேன். ஹெட்டை ஏற்றுவதற்கு முன்னால் எட்டுத் துணி எடுத்தேன். வனராஜ் பக்கத்தில்தான் நின்றான். ஆறு, ஏழு, எட்டு என்று நான் எண்ணியதை அவனும் கேட்டான். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் எட்டு என்றுதான் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியை ஸ்டார்ட் செய்தோம். டிக் டிக் டிக் என்று அடித்தது.

டேப்பெட் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, இல்லையா? தலையை ஆட்டாதீர்கள். தெரியாது. இஞ்சின் தலையில் வால்வுகள் இருக்கின்றன. வீட்டுக் கதவு மாதிரி திறந்து மூடும். அதைத் தள்ளித் திறப்பதற்கு மேலே ஒரு தண்டு சுற்றும். தண்டுக்கும் கதவுக்கும் நடுவில் சின்ன எஃகுக் குப்பி ஒன்று. அதுதான் டேப்பெட். ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் குப்பிக்குள் ஆயில் புகுந்து நிரம்பும். நிரம்பினால் இடைவெளி இல்லை, சத்தம் இல்லை. நிரம்பாவிட்டால் இரும்பு இரும்பை அடிக்கும். அதைத்தான் நாங்கள் டேப்பெட் சத்தம் என்கிறோம்.

வேலை பார்த்தபின் முதல் ஸ்டார்ட்டில் அந்தச் சத்தம் வராவிட்டால்தான் ஆச்சரியம். கழற்றி வைத்ததில் குப்பியில் ஆயில் வடிந்து காற்று ஏறியிருக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இருபது நிமிஷம் ஓட்டினால் காற்று வெளியேறி அடங்கிவிடும். இது எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். ஓட்டினேன். குறைந்தது. ஒரு குப்பி மட்டும் விடாமல் அடித்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவனும் போனான்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தான். டீச்சரும் வண்டியில்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன் என்று கேட்டிருக்கிறான். அந்தம்மா கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்.

"மேஸ்திரி, பின்னால உக்காந்தா தையல் மெஷின் ஓடுற மாதிரியே இருக்கு. எங்கம்மா வீட்ல இருக்கிற மாதிரி. தூக்கம் நல்லா வருது, ஆனா வண்டில அந்தச் சத்தம் வரலாமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வரக்கூடாது, பார்க்கிறேன் என்றேன். எனக்கு எரிச்சல்தான். பாடம் எடுக்கிறவர்கள் எல்லாவற்றிலும் கேள்வி கேட்பார்கள்.

சனிக்கிழமை முழுக்க அதோடு கிடந்தேன். முறையாகத்தான் பார்த்தேன் தம்பி. முதலில் ஆயில் அளவு. சரியாக இருந்தது. அடுத்து ஆயில் விளக்கு. அது எரியவில்லை. அதற்கடுத்து விளக்கு சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தேன். சூடு ஏறியபிறகும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்ப் சரி, ஆயில் சரி, அழுத்தம் சரி. பிறகு என்ன? குப்பி சரியில்லை. வேறென்ன சொல்ல முடியும்?

அந்த நேரம் பார்த்து லேத் கோட்டைச்சாமி வந்து சேர்ந்தான். தன் ஹெட் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தானாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். முனையை இஞ்சின் மேல் வைத்தான், பிடியைக் காதில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு டாக்டர் மாதிரி நின்றான். முன்பக்கம் வைத்தான், பின்பக்கம் வைத்தான். அப்புறம் சொன்னான்.

"கீழ அழுத்தம் இருக்கு, சரிய்யா. மேல எண்ணெய் வருதா? மூடியைத் தொறந்து ஓடவிட்டுப் பாரு. அரை மணி நேர வேலை."

நான் மாட்டிய கேஜ் பிளாக்கில் இருக்கிறது. அதற்கு மேலே, ஹெட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது அடைப்பு இருந்தால் கேஜுக்குத் தெரியாது. அவன் சொன்னது அதுதான். தெரியாமல் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் அவன் சொல்லி நான் திறப்பதா? அன்றைக்குப் பட்டறையில் ஆறேழு டிரைவர்கள் நின்றார்கள். நான் முடுக்கிய மூடி. ஹெட்டை நாலு நாள் வைத்திருந்துவிட்டு வந்து எனக்கு வேலை சொல்கிறான்.

உன் சீவலில்தான் தூள் இருந்திருக்கும், ஹெட்டைக் கழுவாமல் தந்திருப்பாய் என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் மூன்று தண்ணீர் கழுவித்தான் தருவான், எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதற்கு அவன், "தவமணி, உனக்குக் காது நல்லா கேக்குது. அடுத்தவன் பேச்சுதான் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். டிரைவர்கள் சிரித்தார்கள். வனராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவனை அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

மூடியைத் திறந்தேன். திறந்தேன் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, புதுக் குப்பி மாற்றுவதற்காகத் திறந்தேன். மதுரையிலிருந்து ஒரு செட் வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொன்றையும் ஆயிலில் ஊறவைத்து, அமுக்கிக் காற்றை எடுத்து, அப்புறம்தான் போட்டேன். அவ்வளவு பதமாகப் பார்த்தேன். மூடியை மாட்டினேன், ஸ்டார்ட் செய்தேன். பச்சைப் பிள்ளை தூங்குகிற மாதிரி ஓடியது.

திறந்து வைத்து ஓடவிட்டுப் பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? குறுக்கே பேசாதீர்கள் என்றேன் அல்லவா? சத்தமே இல்லை, பிறகு எதற்குத் திறந்து வைத்து ஓடவிட வேண்டும்? ஆயில் தெறிக்கும். பட்டறை நாசமாகும்.

மூன்றே நாள். புதன்கிழமை மலையிலிருந்து போன் செய்தான். சூடானால் மறுபடி அடிக்கிறது மேஸ்திரி என்றான்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கார் இருந்தால் உதவும். குளிர்ச்சியில் அடித்துச் சூட்டில் அடங்கினால் கவலை வேண்டாம். சூட்டில் அடித்தால் அது வேறு. சூட்டில் ஆயில் தண்ணியாகிவிடும். போதுமான ஆயில் வராத இடத்தில் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

வண்டி வந்தது. கனமான ஆயிலை ஊற்றினேன். பழைய லாரிக்கு ஊற்றுகிற ஆயில். கூடவே கெட்டியாக்குகிற மருந்து ஒரு டப்பா. கெட்டி ஆயில் குப்பிக்குள் புகுந்தால் சீக்கிரம் கசியாது. நின்றுவிடும். சத்தம் அடங்கும். எல்லோரும் செய்கிறதுதான். நான் ஒருவன் கண்டுபிடித்த வித்தை இல்லை.

அடங்கியது. முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். விசிறி சுற்றி நிற்கிற அளவுக்குச் சூடு. ஒரு டிக் இல்லை. ஆள் அனுப்பி லேத் கோட்டைச்சாமியை வரச் சொன்னேன். வந்தான். ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்துக் கொடுத்தேன். வைத்துக் கேள் என்றேன். அவன் வாங்கவில்லை. என்ன ஆயில் ஊத்தினே என்றான். நான் சொல்லவில்லை. குனிந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தான். தேன் மாதிரி இழுத்தது. விரலைத் துடைத்துவிட்டுப் போனான். தோற்றவன் என்ன பேசுவான் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

இது என்ன ஊர்? கோடாங்கிபட்டியா? சரி.

பத்தொன்பது நாள் ஓடியது. நடுவில் ஒரு தடவை வனராஜ் வந்தான். வேறு ஒன்றுக்கும் இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக. எஸ்டேட்டில் கொடுத்தார்கள் என்று ஏலக்காய் ஒரு பொட்டலம் தந்தான். டீச்சர் இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று கேலி செய்கிறார், அவ்வளவு அமைதி மேஸ்திரி என்றான்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரைக்கு, பதினோராவது வளைவுக்கு மேலே. இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறான். இஞ்சின் சட்டென்று நின்றிருக்கிறது. இஞ்சின் நின்றால் பிரேக்குக்கு இருக்கிற துணை போய்விடும். இரண்டு மிதி மிதிக்கலாம். மூன்றாவது மிதியில் பெடல் கல். ஸ்டியரிங்கும் இறுகிவிடும். இவன் பயந்துபோய் மிதித்து மிதித்து அந்த இரண்டையும் தீர்த்துவிட்டான். வளைவில் திரும்பவில்லை. தடுப்புச் சுவரில் அடித்து, சுவரோடு கீழே. ரொம்பப் பள்ளம் இல்லை. முப்பது அடி. இவனுக்குத் தோள்பட்டையும் ஒரு காலும் முறிந்தது. டீச்சர் அங்கேயே முடிந்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. டீச்சர் வீட்டுக்கும் போகவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது?

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிரேக் பைப் உடையவில்லை, எண்ணெய் கசியவில்லை. பிரேக்கில் குறை இல்லை என்று எழுதினார். எழுதியது சரிதான். பிரேக்கில் குறை இல்லை. இஞ்சினை யாரும் திறக்கவில்லை. முப்பதடி உருண்ட இஞ்சின் நின்றுதானே கிடக்கும், அது உருளுவதற்கு முன்னால் நின்றதா, உருண்டபின் நின்றதா என்று வெளியிலிருந்து எவன் சொல்ல முடியும்? பிரேக் நன்றாக இருக்கிறது, மழை இல்லை, எதிரே வண்டி இல்லை. அப்படியானால் டிரைவர்தான்.

மூன்று மாதம் ஸ்டேஷன் வாசலில் கிடந்துவிட்டு வண்டி வந்தது. வைக்க இடம் இல்லை என்று வனராஜ் என் பட்டறைக்குப் பின்னாலேயே கொண்டுவந்து போட்டான். தார்ப்பாய் போட்டு மூடினேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை நிறைய இருந்தது.

அப்புறம் ஒருநாள் திறந்தேன். யாரும் சொல்லித் திறக்கவில்லை. பார்த்தேன். மேலே தண்டைச் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட்டில் ஒரு இடத்தில் பல்லே இல்லை, வழித்துவிட்டது. மேலே சுற்றுகிற தண்டு ஹெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. நீலமாக வெந்திருந்தது. ஒரு சொட்டு ஆயில் பார்த்து எத்தனை நாளோ. இப்படித்தான் நடந்திருக்கிறது. மேலே ஆயில் இல்லை, தண்டு இறுகியது, பெல்ட் போனது, இஞ்சின் நின்றது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

ஹெட்டைத் தூக்கினேன். கீழேயிருந்து ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிற வழி ஒன்றே ஒன்றுதான். சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. அதற்குள் ஒரு திரி இருந்தது.

பனியன் துணியைக் கிழித்து, எச்சில் தொட்டு முறுக்கிய திரி. கறுத்துப்போய் ஓட்டையும் அதுவும் ஒரே நிறம். நகத்தால் பிடித்து இழுத்தேன். நடுவில் மட்டும் ரோஸ் நிறம் மிச்சம் இருந்தது. அந்த வாரம் வந்த மூட்டை முழுக்க ரோஸ்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டுத் துணி போட்டதற்கு மூன்றாம் நாள். எதிர்வீட்டுச் சிமெண்ட் ரொம்பப் பறந்தது. அந்தச் சின்ன ஓட்டை மட்டும் திறந்து கிடந்தது. துணி நுழையாது. அதனால் திரியாக முறுக்கிச் செருகினேன். தூசி போகக்கூடாது என்றுதானே? நல்லதற்குத்தானே செருகினேன்? கோட்டைச்சாமி சொன்ன நாளில் ஹெட்டைத் தந்திருந்தால் எனக்கு அந்தத் திரிக்கு வேலையே இல்லை. இதை யாரும் யோசிப்பதில்லை.

எண்ணிக்கை தப்பவில்லை தம்பி. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நான் எண்ணியது துணியை. எட்டுப் போட்டேன், எட்டு எடுத்தேன். திரி துணிக் கணக்கில் வராது.

திரியும் முழுசாக அடைக்கவில்லை, ஊறி ஊறிக் கொஞ்சம் விட்டிருக்கிறது. தண்ணி ஆயிலாக இருந்தவரைக்கும் கசிந்து கசிந்து மேலே போயிருக்கிறது. சத்தத்தோடு ஓடியிருக்கும், ஆறு மாதம்கூட ஓடியிருக்கும். கெட்டி ஆயில் திரி வழியாக ஏறவில்லை. குப்பிக்குள் இருந்தது கசியாமல் நின்றதால் சத்தமும் இல்லை. சரி, விடுங்கள். ஆயில் சமாசாரம் உங்களுக்குப் புரியாது.

திரியை என்ன செய்தேனா? அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்தது. அதில் போட்டேன். அடுப்பில், தண்ணீரில் இல்லை. ஆயில் ஊறின துணி எரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஹெட்டை அதன் இடத்தில் வைத்து மூடியை முடுக்கினேன். எட்டுப் போல்ட்டும் முடுக்கினேன். ஓடப்போகாத இஞ்சினுக்கு யாராவது எல்லாப் போல்ட்டும் முடுக்குவார்களா? நான் முடுக்கினேன். அது என் வழக்கம்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டைச்சாமி வந்தான். தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மேல எண்ணெய் இருந்துச்சாய்யா?" என்று கேட்டான். நான் திறக்கவே இல்லை என்றேன். என் கையைப் பார்த்தான். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. மெக்கானிக் நகத்தில் கறுப்பு இல்லாமல் மருதாணியா இருக்கும்? அன்றிலிருந்து டீக்கடையில் என்னைப் பார்த்தால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்று குடிக்கிறான். குடிக்கட்டும்.

மறு மாதம் வனராஜ் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். லாரி வந்து தூக்கிக்கொண்டு போனது. இனி அதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. நான் சொன்னால்தான் உண்டு.

அவன் இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறான். உடைந்த தோளில் இல்லை, மற்றதில். பெண்சாதி தீப்பெட்டி ஒட்டப் போகிறாள். போன மாதம் பட்டறைக்கு வந்தான். எதிரே ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. "மேஸ்திரி, வண்டியோட உள்ள தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். இஞ்சின் தானா நிக்க வாய்ப்பிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு" என்றான். வருகிறேன் என்றேன். வராமல் இருக்க முடியுமா? சம்மன் வந்துவிட்டது.

போகிறவன் போக வேண்டியதுதானே? போகவில்லை. நின்றுகொண்டே இன்னொன்று சொன்னான். யாரிடமும் சொல்லாததாம், வக்கீலிடம்கூட. அந்த வெள்ளிக்கிழமை, புறப்பட்டுப் பத்து நிமிஷத்தில் டீச்சர் சொன்னாராம்.

"வனராஜு, மறுபடி தையல் மெஷின் ஓடுதுப்பா."

இவனுக்கும் கேட்டிருக்கிறது. லேசாகத்தான். அதற்கு இவன், "மேஸ்திரி பாத்துட்டாரு டீச்சர், இனி அது ஒண்ணும் பண்ணாது" என்றானாம். அந்தம்மா சரி என்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "நான் அப்பவே நிறுத்தியிருக்கணுமில்ல மேஸ்திரி?" என்றான்.

ஆமாம் என்றேன். நிறுத்தியிருக்கணும் என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? தப்பாகவா சொன்னேன்? சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். எந்த டிரைவரையும் கேளுங்கள், இதைத்தான் சொல்வான். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கும்பிட்டுவிட்டுப் போனான். ஒருவேளை அவனுக்கு அதை யாராவது சொல்ல வேண்டியிருந்ததோ என்னவோ.

கூண்டில் என்ன சொல்வேன் என்று யோசித்து வைத்திருக்கிறேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. வேலை பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்த்தேன். சத்தம் வந்ததா? வந்தது. சரி செய்தாயா? புதுக் குப்பி மாற்றினேன், அழுத்தம் பார்த்தேன், ஆயில் மாற்றினேன். கொடுக்கும்போது சத்தம் இருந்ததா? இல்லை. இதில் எது பொய், நீங்கள் சொல்லுங்கள். இஞ்சின் தானாக நிற்குமா என்று கேட்டால், எல்லா இஞ்சினும் ஒருநாள் நிற்கும் என்பேன். அதற்குமேல் கேட்டால், திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்பேன். திறந்து பார்க்க வண்டியும் இல்லை.

அவனுக்கு முப்பத்தாறு வயசு. இரண்டு வருஷம் உள்ளே போனால் முப்பத்தெட்டு. நான் எழுபதைத் தாண்டிவிட்டேன். இந்த வயசில் போடியில் எவனாவது வண்டியை என் பட்டறை வாசலில் நிறுத்த யோசித்தால், அதற்கப்புறம் நான் எதற்கு? நீங்கள் சொல்லுங்கள். போனவர் திரும்பி வரப்போவதில்லை. டீச்சருக்கு இனி எந்தச் சத்தமும் ஒன்றுதான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா? திருப்பிக்கொள்ளுங்கள். நல்லதுதான்.

பழனிசெட்டிபட்டி தாண்டிவிட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை. இதுதான் என் ஸ்டாப். அதோ, மரத்தடியில் நிற்கிறான் பாருங்கள், வெள்ளைச் சட்டை. அவன்தான். வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார், முடியெல்லாம் வெட்டியிருக்கிறான். எட்டரைக்கே வந்திருப்பான். கையில் டம்ளர் வைத்திருக்கிறான், தெரிகிறதா? அவன் டீ குடிக்கமாட்டான். எனக்காக வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

பார்த்துவிட்டான். சிரிக்கிறான்.

கொஞ்சம் காலை மடக்குங்கள் தம்பி, இறங்க வேண்டும். டீ ஆறிப்போகும்.